காணாமையும் இன்மையும்

சென்ற ஐப்பசித் திங்களில் யாம் மாணாக்கர் பதின்மருடன் கொடைக்கானலுக்குச் சென்றிருந்தோம். ஏரிக்கரையினின்றும் தூண்பாறை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். உரையாடிக்கொண்டே நடந்து மாலை நான்கு மணியளவில் அவ்விடத்தை அடைந்தோம். நானூறு அடி உயரமுள்ள மூன்று கருங்கற்றூண்கள் தோளோடு தோள் உரச நிற்கும் காட்சியை நாடிச் சென்ற எமக்கு, கம்பித் தடுப்பிற்கு அப்பால், வெளுத்த வேட்டியொன்றை விரித்துக் கட்டினாற்போன்ற வெண்மையன்றி வேறொன்றும் கிடைத்திலது. அரைமணி நேரம் காத்திருந்தோம். குளிர் மிகவே திரும்பினோம். அன்றிரவு தங்குமிடத்தில் நாட்குறிப்பு எழுதுகையில் ஒரு மாணாக்கர், "தூண்பாறை: ஒன்றும் இல்லை" என்று எழுதினார். அருகிருந்த மற்றொருவர் எட்டிப் பார்த்து, "இல்லை என்று எழுதலாமா? தெரியவில்லை என்றல்லவா எழுத வேண்டும்?" என்றார். "தெரியாதது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பார்க்கப் போனவனுக்கு இரண்டும் ஒன்றுதானே!" என்றார் முன்னவர். போர்வைக்குள் இருந்தோர் நகைத்தனர். யாமும் நகைத்தோமேயன்றி விடை யாதும் கூறினோமல்லோம்.

ஆயினும் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. ஒரு பொருள் ஒருவன் பார்வைக்கு உட்பட்டுள்ளதா அன்றா என்பதை எவ்வாறு துணிவது? அது புலப்படாத பொழுது அதனைப்பற்றி யாது கூறலாம், யாது கூறலாகாது? நகைத்துத் தள்ளுதற்குரிய வினாவன்று இது. அம்மலையின்மீதே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் இவ்வினாவை எதிர்கொண்டுவரும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அதனைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நம் நாட்டுப் பண்டை அறிஞர் இதனை எளிதாக விட்டவரல்லர். மணிமேகலையில், சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையுள் எண்ணப்படும் அளவைகளில் அபாவம் என்பதும் ஒன்று. ஒன்று இல்லை என்று அறிதற்கும் ஓர் அளவை வேண்டும் என்பது கருத்து. ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய ஸாங்கிய காரிகையோ, உள்ள பொருளே புலப்படாமற் போதற்கு எட்டுக் காரணங்களை எடுத்தோதும். மிகு தொலைவு, மிகு அண்மை, பொறியின் குறை, மனம் பிறிதொன்றில் நிற்றல், பொருளின் நுண்மை, இடையே மறைப்பு, வலியதொன்றால் அடக்கப்படுதல், தன்னை ஒத்தவற்றுள் கலந்துவிடுதல் என்பன அவை. விண்ணில் மிக உயரப் பறக்கும் பறவையும், கண்ணிலேயே தீட்டிய மையும், சுவருக்கு அப்பாலுள்ள பண்டமும், பகற்பொழுதில் விண்மீனும் உரைகாரர் காட்டும் உதாரணங்கள். மீமாம்சகர் இன்னும் ஒரு படி மேற்சென்றனர். காணாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகாது. இருந்தால் கண்டே இருப்போம் என்னும்படியான நிலையில் நின்று நோக்கியும் காணாமையே சான்றாகும் என்பது அவர் துணிபு. பகல் வெளிச்சத்தில் திண்ணையை நோக்கி, குடம் இல்லை என்று கூறலாம்; நள்ளிருளில் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. இதனை யோக்யாநுபலப்தி என்பர். பெயர் நீண்டதாயினும் கருத்து எளியதே.

இக்கருத்தைக் கைக்கொண்டு மீண்டும் மலையேறுவோம். பூமி உருண்டையாதலின், உயர்ந்த இடத்தில் நிற்பவனுக்கும் பார்வையின் எல்லை ஒன்று உண்டு. நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,133 மீட்டர். வர்க்கமூலம் 46 சொச்சம். பெருக்க, 165 கிலோமீட்டர் ஆகும். காற்று ஒளியைச் சிறிது வளைத்துத் தருவதால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுவதும் உண்டு. கொச்சித் துறைமுகமோ நேர்க்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டரே. எனின், கொடைக்கானலில் நின்று அரபிக்கடலைக் காணலாம் போலும் என்று கணக்கு மட்டும் போட்டவன் மகிழ்வான். காண இயலாது. இரண்டிற்கும் இடையே, ஏறக்குறைய அந்நேர்க்கோட்டின்மீதே, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி நிற்கின்றது. அதனைச் சூழ்ந்து மூணாற்று மலைகள் நிற்கின்றன. பார்வையின் எல்லைக்கு உட்பட்டிருத்தல் வேறு, மறைப்பின்றி இருத்தல் வேறு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

தேசத்தை அளந்த பெரியோர் இவ்விரண்டையும் நன்கு அறிந்தவர்கள். வில்லியம் லாம்டன் 1802 ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையில், ஒவ்வொரு நிலையமும் அடுத்த நிலையத்தின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். மலைநாட்டில் அது கடினமன்று. காவிரிச் சமவெளியிலோ குன்று ஏது? தென்னந்தோப்புகளுக்கு மேல் தலைகாட்டி நிற்பன கோயில்களே. ஆதலின் 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல், அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்தினுள்ளே பல வாரங்கள் அடைந்திருந்து, தம் கையாலேயே அதனைச் சீர்ப்படுத்தினார் என்பது வரலாறு. ஒரு புள்ளி மற்றொரு புள்ளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இத்துணைப் பாடு.

இனி, எல்லைக்குள்ளும் இருந்து, மறைப்பும் இன்றி இருக்கும் பொருள் கட்டாயம் தெரியுமா? கோக்கர் நடைபாதையில் நின்று மதுரையை நோக்குக. நேர்க்கோட்டில் சுமார் 77 கிலோமீட்டர். இடையே மலை இல்லை. நற்கண்ணுடையான் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூறு என்பர். 77 கிலோமீட்டர் தொலைவில் அக்கோணத்திற்குரிய நீளம் 22 மீட்டர். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம் உடையது. ஆகவே அளவினால் மட்டும் நோக்கின், அது ஒரு நுண்ணிய கீறலாகவேனும் தெரிய வேண்டும். பகலில் பெரும்பாலும் தெரிவதில்லை. இடையிலுள்ள தூசியும் நீராவியும் சூரிய ஒளியைச் சிதறடித்துத் தாமும் ஒளிர்கின்றன. அவ்வொளி கோபுரத்தின்மீது ஒரு வெண்திரையாகப் படிந்து, கோபுரத்திற்கும் பின்புலத்திற்கும் உள்ள வேற்றுமையைக் குறைத்துக்கொண்டே போகின்றது. நூற்றில் இரண்டு பங்கு வேற்றுமையேனும் இல்லாவிடின் நம் கண் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். இரவிலோ நிலைமை தலைகீழாகின்றது. ஒரு மீட்டர் அகலமும் இல்லாத தெருவிளக்குகள், தம் அளவினால் தெரியத் தகுதியற்றன ஆயினும், இருண்ட பின்புலத்தில் ஒளிப்புள்ளிகளாய்த் தெரிகின்றன. மதுரையைப் பகலில் காணாதவர் இரவில் கண்டு வியப்பது இதனால்தான். நகரம் இடம் பெயரவில்லை, வேற்றுமைதான் பெயர்ந்தது.

தூண்பாறையில் எமக்கு நேர்ந்ததும் இதுவே, அளவு மட்டும் வேறு. ஆயிரம் மீட்டருக்குள் பார்வை அடங்கினால் அதனை மூடுபனி என்பர் வானிலை நூலார். அன்று எமக்கு இருபது அடியும் எட்டவில்லை. பாறை அங்கேயே இருந்தது, வேற்றுமைதான் இல்லை.

ஒத்தவற்றுள் கலந்து மறைதலுக்கும் அம்மலை நல்லதோர் உதாரணம் தருகின்றது. குறிஞ்சி 2006 இலும் 2018 இலும் பூத்தபொழுது மலைச்சரிவு நீலமாயிற்று. மக்கள் திரண்டு வந்தனர். இடைப்பட்ட ஆண்டுகளிலும் குறிஞ்சிச் செடிகள் அவ்விடத்தேதான் இருந்தன. பசுமைக்குள் பசுமையாய் நின்றமையின் வழிப்போக்கர் கண்ணில் பட்டில.

இக்காலத்து மாணாக்கர்க்கு மிகப் பழகிய கணினித்திரையிலும் இவ்வினாவே எழுகின்றது. திரை சிறிது, அதனுள் உருட்டிப் படிக்கும் ஏடோ நெடியது. ஏட்டின் நடுவேயுள்ள ஒரு படம் இக்கணத்தில் படிப்பவன் கண்முன் உள்ளதா என்று பொறி அறிய வேண்டின், படத்தைச் சூழ்ந்த நாற்கோணத்தின் நான்கு விளிம்புகளையும் திரையின் நான்கு விளிம்புகளோடு ஒப்பிடும். இரண்டும் பொருந்தும் பரப்பு சிறிதும் இல்லையேல், படம் எல்லைக்கு அப்பால் உள்ளது. பொருந்தும் பரப்பு இருப்பினும் வேலை முடியவில்லை: வேறொரு பெட்டி அதன்மேல் கவிந்திருக்கலாம், அதன் அகலம் சுழியமாக வைக்கப்பட்டிருக்கலாம், கண்ணாடிபோல் முற்றும் ஊடுருவும்படி செய்யப்பட்டிருக்கலாம், வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்தாகவும் இருக்கலாம். காரிகையின் எட்டில் பாதிக்கு மேல் இங்கேயே வந்துவிட்டமை காண்க! முற்காலத்தில் ஏடு நகருந்தோறும் நிரல் எழுதுவோர் பொறியை வினவிக்கொண்டே இருந்தனர்; அதனால் பொறி தளர்ந்தது. 2016 முதல், பொருள் எல்லைக்குள் புகும்போதும் நீங்கும்போதும் உலாவியே அறிவிக்கும் ஏற்பாடு வந்தது. விளம்பரம் தருவோர்க்கு இது பணவிஷயம். பாதிப் பரப்பேனும் ஒரு விநாடியேனும் திரையில் இருந்தாலன்றி ஒரு படவிளம்பரம் காணத்தக்கதாயிற்று எனக் கொள்ளலாகாது என்று அமெரிக்க ஊடக மதிப்பீட்டு மன்றம் 2014 இல் வரையறை செய்தது. காணத்தக்கது என்றதே அன்றிக் காணப்பட்டது என்றிலது. அந்த ஒரு விநாடியில் படிப்பவர் காப்பி எடுக்க எழுந்து சென்றிருப்பின் பொறி என் செய்யும்? மனம் பிறிதொன்றில் நிற்றலை அளக்கும் விளிம்பு அதனிடம் இல்லை.

இனி, யாம் முன்னர்க் குறித்த நிலையத்திற்கு வருவோம். தாது வருஷத்துப் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய பின்னர், சூரிய களங்கங்கள் மிகுதலும் குறைதலும் மழையோடு தொடர்புடையனவோ என்னும் ஐயம் அறிஞரிடையே வலுத்தது. அதனை ஆராய்தற்குச் சூரியனை நாள்தோறும் நோக்க வேண்டும். அதற்குத் தெளிந்த வானம் வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராய் இருந்து, 1891 இல் அரசாங்க வானநூலாராக அமர்ந்த மிச்சி ஸ்மித் என்பார் நீலகிரியையும் பழனிமலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தெரிந்தெடுத்தார். 1899 இல் அங்கே நிலையம் அமைந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் கையால் அது தொடங்கப்பெற்றமையை இவ்விதழ் படிப்போர் மகிழ்ந்து நினைப்பர். 1904 முதல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய பிம்பங்கள் அங்கே நாள்தோறும் படம் பிடிக்கப்பெற்று வந்துள்ளன; இன்று அந்நிலையம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சார்ந்தது.

அப்பிம்பமே ஒரு திரை என்க. அதில் தெரிவன எவை, தெரியாதன எவை? களங்கம் கரியதாகத் தெரிகின்றது. உண்மையில் அது கரியதன்று. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை வெம்மை உடையது. களங்கத்தின் நடு அதனினும் ஈராயிரம் பாகை குறைந்தது. அவ்வளவே. அதனைத் தனியே பெயர்த்து இரவு வானில் வைக்க இயலுமாயின் முழுமதியினும் ஒளிரும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், நடுக்கோட்டிற்கு அருகேயுள்ள களங்கம் கீழ்விளிம்பில் தோன்றிப் பதின்மூன்று அல்லது பதினான்கு நாளில் மேல்விளிம்பில் மறையும். பின்னர் அதேயளவு நாள் நமக்குப் புறங்காட்டி நிற்கும். மறைந்ததை அழிந்தது என்று எழுதலாகாது. மீண்டும் கீழ்விளிம்பில் வருதலும் உண்டு.

சூரியனின் விளிம்பினின்று செந்தழல் நாக்குகள் எழுதலை முழுச்சூரிய கிரகண காலத்தில் மட்டுமே நெடுங்காலம் கண்டனர். பிற நாட்களில் அவை இல்லாமல் இல்லை. சூரிய ஒளி வானமெங்கும் சிதறி அவற்றை அடக்கிவிடும். 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தைக் குண்டூரில் நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்ஸென், நிறமாலைக் கருவியில் அத்தழல்கள் காட்டிய ஒளிக்கோடுகளின் பிரகாசத்தைக் கண்டு, கிரகணம் இன்றியும் இவற்றைக் காணலாம் போலுமே என்று கருதினார். மறுநாட்காலை கருவியைச் சூரிய விளிம்பில் நாட்டினார், கண்டார். வானொளி பல நிறத்தது. கருவி அதனை நீள விரித்து மெலிவித்துவிடும். தழலின் ஒளியோ சில நிறங்களிலேயே குவிந்தது, விரித்தாலும் மெலியாது. அடக்குவதை மெலிவித்தால் அடங்கியது வெளிப்படும் என்பது இதன் சூக்குமம். கொடைக்கானலில் 1904 இல் அமைந்த சூரிய நிறமாலைப் படக்கருவி இவ்வழியையே பின்பற்றியது. கால்ஸியத்தின் ஊதாநிறக் கோடு ஒன்றை மட்டும் கொண்டு படம் எடுத்தால், வெள்ளொளியில் வெறுமையாய் இருந்த பரப்பில் ஒளித்திட்டுகள் எழும். பின்னர் வந்த ஹைட்ரஜனின் செந்நிறப் படத்திலோ, விளிம்பில் ஒளிர்ந்த தழலே பிம்பத்தின் நடுவில் கரிய நூலாய்க் கிடக்கும். 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா விண்கலத்தில் இதே நிறுவனம் அமைத்த கருவியொன்று வேறொரு வழியைக் கையாள்கின்றது: சூரிய பிம்பத்தை ஒரு வட்டால் மறைத்துவிட்டு, அதனைச் சூழ்ந்த மெல்லிய ஒளிவட்டத்தைக் காண்கின்றது. மறைப்பே காட்சிக்குத் துணையாதல் வியப்பன்றோ?

இம்மலைக்கு உலகப்புகழ் தந்த கண்டுபிடிப்பும் இவ்வினாவின்பாற் பட்டதே. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், களங்கத்தின் கருநடுவைச் சூழ்ந்த வெளிறிய வளையத்தில் ஆவி நாற்புறமும் வெளிநோக்கி ஓடுதலைக் கண்டறிந்தார். நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சி நம்மை நோக்கி வருதலையும் நம்மைவிட்டு நீங்குதலையும் மட்டுமே காட்டும்; குறுக்கே ஓடுவதைக் காட்டாது. ஆகவே களங்கம் பிம்பத்தின் நடுவில் உள்ளபொழுது அவ்வோட்டம் புலப்படுவதில்லை. அது விளிம்பை நோக்கி நகர நகர, வளையத்தின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதாகவும் எதிர்ப்பக்கம் நீங்குவதாகவும் தெளியும். நடுவில் மட்டும் நோக்கிவிட்டு, ஓட்டம் இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பின் அது எத்துணைப் பிழையாகும்! பார்க்கப்படும் பொருள் ஒன்றே. பார்க்கும் கோணம் மாறிற்று.

எழுதுதல் என்றமையால் மாணாக்கரின் நாட்குறிப்பு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. மழைக்காலத்தில் கொடைக்கானல் வானம் பல நாட்கள் மூடிக்கிடக்கும். அந்நாட்களில் களங்க எண்ணிக்கைக்கு நேரே யாது எழுதுவது? சூரியனைத் தெளிவாகக் கண்டும் களங்கம் காணாத நாளுக்குச் சுழியம் இடலாம். சூரியனையே காணாத நாளுக்கு இடத்தை வெறுமையாக விட வேண்டும். வெறுமைக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அற்பம் என்று கருதுவோர் பின்வரும் வரலாற்றைக் கேட்பாராக.

1645 முதல் 1715 வரை எழுபது ஆண்டுகள் சூரியனில் களங்கங்கள் மிக அரியவாய் இருந்தன என்று கிரீனிச்சு அறிஞர் மாண்டர் சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக்காட்டினார். பலர் நம்பவில்லை, அக்காலத்தவர் சரியாக நோக்கியிரார் என்றனர். 1976 இல் ஜான் எட்டி என்பார் இவ்வழக்கை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். நோக்கியவர் யாவர்? பாரிஸில் காஸினி, இங்கிலாந்தில் பிளாம்ஸ்டீட், இன்னும் பலர். கருவியில் குறையுடையாரும் அல்லர், கருத்தில் குறையுடையாரும் அல்லர். 1671 இல் காஸினி ஒரு களங்கத்தைக் கண்டது செய்தியாகவே வெளியிடப்பட்டது. 1684 இல் பிளாம்ஸ்டீட், 1676 டிசம்பருக்குப் பின் தாம் கண்ட களங்கம் இஃதொன்றே என்று எழுதினார். காணும் தகுதி இருந்தும் காணாமை இது. அன்றியும் வடதுருவ ஒளி அக்காலத்தில் அருகியமையும், மரவளையங்களில் கதிரியக்கக் கரி மிகுந்தமையும் வேறு வழியாற் சான்று பகர்ந்தன. களங்கங்கள் உண்மையிலேயே அருகின என்று எட்டி நிறுவினார்.

கதை அதனோடு முடியவில்லை. 1998 இல் இருவர் பண்டைக் குறிப்புகளை எல்லாம் திரட்டி ஒரு பெரும் பட்டியல் செய்தனர். அரிய தொண்டு அது. ஆயினும், இவ்வாண்டில் களங்கம் காணவில்லை என்று பழைய நூலொன்றில் பொதுப்படக் கூறியிருந்தால், அவ்வாண்டின் நாள் ஒவ்வொன்றிற்கும் நேரே சுழியம் இட்டுவிட்டனர். அவற்றுள் மேகம் மூடிய நாட்கள் எத்தனை, அவர் தொலைநோக்கியைத் தொடாத நாட்கள் எத்தனை? பின்வந்தோர் இதனைக் கண்டு, அச்சுழியங்களை ஒவ்வொன்றாய் நீக்கும் வேலையில் இறங்க நேர்ந்தது. களங்கங்கள் அருகின என்னும் முடிவு நின்றது. எத்துணை அருகின என்னும் கணக்கோ திருத்தம் பெற்று வருகின்றது.

மலையினின்று இறங்கும் நாளன்று வண்டியில் யாம் இவற்றைச் சுருக்கமாக அம்மாணாக்கர்க்குக் கூறினோம். அவர் விடை கூறினாரல்லர். வத்தலக்குண்டு வரையில் சாளரத்துக்கு வெளியே நோக்கியிருந்தார். சில நாட்களுக்குப் பின் சுற்றுலாக் குறிப்புகளைத் திருத்தும் பொருட்டு வாங்கிப் பார்த்தோம். பழைய வரி அடிக்கப்பட்டிருந்தது. கீழே, "தூண்பாறை. மாலை 4 மணி முதல் 4.30 வரை. மூடுபனி. பார்வை எட்டியது சுமார் 20 அடி. பாறை அப்பால் உள்ளது என்பது வழிகாட்டிப் பலகையால் அறிந்தது, கண்டதன்று" என்று எழுதியிருந்தார்.